வளவுப் பிராணிகளும் இன்புளுவென்சா நோயும்

கமக்காரரின் வளவில் மனிதர் மட்டும் வாழ்வதில்லை. வாசலில் நாய் கிடக்கும்; நெல் மூட்டைகளின் மேல் பூனை உறங்கும்; முற்றத்திலே கோழிகள் கிளறித் திரியும்; நீர்வசதியுள்ள இடங்களில் தாராக்களும், சில இடங்களிற் பன்றிகளும் இருக்கும். நாய் இரவிற் பயிரைக் காக்கின்றது. பூனை எலியைப் பிடித்து விதைநெல்லைக் காக்கின்றது. கோழியும் தாராவும் முட்டையும் இறைச்சியும் தருகின்றன. இவை யாவும் ஒரே வளவில், ஒரே நீரைக் குடித்து, ஒரே நிலத்தில் நடமாடி வாழ்கின்றன. ஆகவே ஒன்றுக்கு வரும் நோய் மற்றொன்றுக்கும் வருமா என்ற கேள்வி கமக்காரருக்கு முக்கியமானதாகும்.

வளவிலே ஒரு கோழி இறந்து கிடந்தால் வழக்கமாக நடப்பது யாது? அதனைக் காலிற் பிடித்துத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்துவிடுகின்றனர். அல்லது நாயாவது தின்னட்டும் என்று நாய்க்குப் போட்டுவிடுகின்றனர். மிஞ்சியதைப் பூனை இழுத்துச் செல்கின்றது. மாலையில் அதே நாய் வீட்டுப் பிள்ளையின் கையை நக்குகின்றது. அதே பூனை அடுப்படியிற் படுத்துக்கொள்கின்றது. இச்சிறு செயலால் எத்தகைய தீங்கு விளையக்கூடும் என்பதை 2004 ஆம் ஆண்டு தொடக்கம் பல நாடுகளில் நிகழ்ந்த சம்பவங்கள் காட்டியுள்ளன. அவற்றை எடுத்துக்கூறி, வளவிற் கைக்கொள்ள வேண்டிய முறைகளை விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

இன்புளுவென்சா என்பது யாது?

இன்புளுவென்சா, வைரசு என்னும் மிக நுண்ணிய கிருமியால் உண்டாகும் நோய். மனிதரிடம் இது காய்ச்சல், இருமல், உடல் நோவு ஆகியவற்றுடன் தோன்றும். சாதாரண தடிமனிலும் இது கடுமையானது. இந்நோய் மனிதருக்கு மட்டுமே உரியது என்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் தவறு.

இக்கிருமியை ஆராய்ந்தோர் தொடக்கத்திலேயே பிராணிகளுடன் அதற்குள்ள தொடர்பைக் கண்டனர். 1931 இல் அமெரிக்க விஞ்ஞானி றிச்சர்ட் சோப் என்பவர் பன்றிகளின் இன்புளுவென்சாவுக்குக் காரணம் ஒரு வைரசு என்பதைக் காட்டினார். 1933 இல் இலண்டனில் மனிதரைப் பீடிக்கும் இன்புளுவென்சா வைரசு பிரித்தறியப்பட்டது. அந்த ஆராய்ச்சிக்குக் கீரியைப் போன்ற உருவமுள்ள பெரற்று என்னும் சிறு பிராணியைப் பயன்படுத்தினர். நோயுற்ற பெரற்று தும்மியதால் ஆராய்ச்சியாளர் ஒருவரும் நோயுற்றார். கோழிகளைக் கூட்டங் கூட்டமாக அழித்துவந்த கோழிக் கொள்ளைநோயும் இன்புளுவென்சா இனத்தைச் சேர்ந்த வைரசினாலேயே உண்டாகின்றது என்பது 1955 இல் தெளிவாயிற்று.

இவ்வைரசில் பல பிரிவுகள் உள. அவற்றுள் 'ஏ' பிரிவே மிருகங்களையும் பறவைகளையும் பெரிதும் பீடிப்பது. அதன் மேற்பரப்பிலே இரு வகைப் பொருட்கள் முட்களைப் போல் நிற்கின்றன. ஒன்று 'எச்' எனவும் மற்றொன்று 'என்' எனவும் குறிக்கப்படும். முன்னையது வைரசு உயிர்க்கலத்தினுள் நுழைய உதவுகின்றது. பின்னையது பெருகிய வைரசுகள் கலத்தை விட்டு வெளியேற உதவுகின்றது. இவ்விரண்டின் வகைகளையும் எண்களாற் குறித்து 'எச்5 என்1', 'எச்3 என்8' என்றவாறு வைரசுக்குப் பெயரிடுவர். பத்திரிகைகளிற் காணப்படும் இவ்வெழுத்துக்களின் பொருள் இதுவே.

இனம் விட்டு இனம் தாவுவது எவ்வாறு?

ஒரு வீட்டின் திறப்பு மற்றொரு வீட்டின் பூட்டைத் திறப்பதில்லை. அதுபோல, ஒரு பிராணிக்குப் பழகிய வைரசு மற்றொரு பிராணியின் உடற்கலத்தினுள் இலகுவில் நுழைவதில்லை. பறவைக்குரிய வைரசு பெரும்பாலும் பறவைகளிடையேயும், மனிதருக்குரியது மனிதரிடையேயும் நின்றுவிடுவது இக்காரணத்தாலேயே. ஆயினும் இரு வழிகளில் இத்தடை உடைகின்றது.

முதலாவது, அளவுக்கு மிஞ்சிய தொற்று. நோயால் இறந்த கோழியின் இரத்தத்திலும் ஈரலிலும் நுரையீரலிலும் எச்சத்திலும் எண்ணற்ற வைரசுகள் நிறைந்திருக்கும். அக்கோழியைப் பச்சையாக உண்ணும் பூனை அவ்வளவையும் ஒரே நேரத்தில் உட்கொள்கின்றது.

இரண்டாவது, வைரசு மாற்றமடைதல். இவ்வைரசின் பிறப்புரிமைப் பொருள் எட்டுத் துண்டுகளாக உள்ளது. இரு வேறு வகை வைரசுகள் ஒரே பிராணியின் உடலில் ஒரே காலத்திற் புகுந்தால், இத்துண்டுகள் கலந்து புதிய வகை ஒன்று தோன்ற இடமுண்டு. பறவையின் வைரசையும் மனிதரின் வைரசையும் ஏற்கும் இயல்பு பன்றிக்கு இருப்பதால், பன்றியை ஒரு கலவைப் பாத்திரம் என விஞ்ஞானிகள் கூறுவர். கோழியையும் பன்றியையும் ஒரே பட்டியில் வளர்த்தல் ஆகாது என்று நாம் கூறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பூனைகளுக்கு நேர்ந்தவை

எச்5 என்1 எனப்படும் கொடிய பறவை இன்புளுவென்சா 1997 இல் ஹொங்கொங்கில் 18 பேரைப் பீடித்து அவர்களுள் அறுவரைக் கொன்றது. பின்னர் 2003 ஆம் ஆண்டின் இறுதியிலும் 2004 இலும் அது தென்கிழக்கு ஆசிய நாடுகளிற் பரவியது. தாய்லாந்தில் 2004 பெப்ரவரியில், நோய்கண்ட கோழிப் பண்ணை ஒன்றுக்கு அண்மையில் வாழ்ந்த வீட்டுப் பூனை ஒன்று இறந்த புறாவை உண்டது. ஐந்து நாட்களின் பின் அதற்கு 41 பாகை செல்சியசு காய்ச்சலும், மூச்சிரைப்பும், வலிப்பும் தோன்றின. இரண்டு நாட்களில் அது இறந்தது. பரிசோதித்தபோது அதன் உடலில் எச்5 என்1 வைரசு காணப்பட்டது. பூனைகளுக்கு இன்புளுவென்சா வராது என அதுவரை கருதப்பட்டு வந்தது.

அதே ஆண்டு நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் ஐயத்துக்கு இடமின்றி இதனை நிரூபித்தனர். நோயுற்ற கோழிக்குஞ்சுகளை உண்ட பூனைகள் நோயுற்றன. அவற்றுடன் சேர்த்து வைக்கப்பட்ட, குஞ்சுகளை உண்ணாத பூனைகளும் நோயுற்றன. தாய்லாந்திலே 2004 அக்டோபரில், விலங்குக் காட்சிச்சாலை ஒன்றில் வளர்க்கப்பட்ட 441 புலிகளுக்குப் பச்சைக் கோழி இறைச்சி இடப்பட்டு நோய் பரவியது. இறந்தனவும், நோய் பரவாதிருத்தற்பொருட்டுக் கொல்லப்பட்டனவுமாக 147 புலிகள் அழிந்தன. புலியும் வீட்டுப் பூனையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை நினைவுகூர்க.

பிற்காலத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. 2023 இல் போலந்து நாட்டிற் பல நகரங்களைச் சேர்ந்த 29 பூனைகளிடம் எச்5 என்1 உறுதிசெய்யப்பட்டது. 2024 இல் ஐக்கிய அமெரிக்காவிலே கறவைப் பசுக்களிடம் இவ்வைரசு பரவியபோது, டெக்சாசு மாநிலப் பண்ணை ஒன்றில் நோயுற்ற பசுக்களின் காய்ச்சாத பாலைக் குடித்த பூனைகள் ஏறத்தாழ 24 இல் அரைவாசிக்கு மேற்பட்டவை இறந்தன. மாடு கறக்கும்போது காலடியில் வந்து நிற்கும் பூனைக்குச் சிறிது பாலை ஊற்றிவிடுவது எங்கும் உள்ள வழக்கமே. அங்கே அவ்வழக்கமே பூனைகளுக்கு எமனாயிற்று.

இச்சம்பவங்கள் யாவற்றிலும் ஒரு பொதுவான செய்தி உளது. பூனைக்கு நோய் பெரும்பாலும் காற்றில் வந்து சேரவில்லை. இறந்த பறவை, பச்சை இறைச்சி, காய்ச்சாத பால் ஆகிய உணவின் வழியாகவே வந்தது. ஆகவே அதனைத் தடுப்பதும் எமது கையிலேயே இருக்கின்றது.

நாய்களுக்கு நேர்ந்தவை

நாய் பூனையைப் போல் எச்5 என்1 நோயால் எளிதிற் கடுமையாகப் பாதிக்கப்படுவதில்லை. எனினும் அது முற்றாகத் தப்பியதும் இல்லை. தாய்லாந்தில் 2004 இல் நோயால் இறந்த தாராவைத் தின்ற நாயொன்று கடுங்காய்ச்சல் கண்டு சில நாட்களில் இறந்தது.

நாய்களுக்கென்றே பழகிவிட்ட இன்புளுவென்சா வகைகள் இரண்டு உள. 2004 ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஓட்டப்பந்தய நாய்கள் 22 நோயுற்றன. அவற்றுள் 8 இறந்தன. ஆராய்ந்தபோது, குதிரைகளுக்குரிய எச்3 என்8 வைரசு நாய்க்குத் தாவியிருந்தமை தெரியவந்தது. மற்றொரு வகை எச்3 என்2 ஆகும். இது பறவையிலிருந்து வந்தது. கொரியாவிலும் சீனாவிலும் நாய்களிடையே பரவிய இது, 2015 இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரிற் பெருந்தொகையான நாய்களைப் பீடித்தது. இவ்வகைகள் இருமல், தும்மல் வழியாகவும், உணவுப் பாத்திரம், சங்கிலி, பராமரிப்பவரின் கை, உடை வழியாகவும் நாய்க்கு நாய் தொற்றுவன.

மனிதரிலிருந்து பிராணிக்கு

நோய் பிராணியிலிருந்து மனிதருக்கு வரும் என்று அஞ்சுகின்றோம். எம்மிடமிருந்து அவற்றுக்குச் செல்வதை மறந்துவிடுகின்றோம். 2009 இல் எச்1 என்1 வகை இன்புளுவென்சா உலகெங்கும் மனிதரிடையே பரவியது. அப்பொழுது அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் வீட்டார் காய்ச்சலுற்ற பின் அவர்களுடைய பூனையும் அதே நோயுற்றுப் பின்னர் குணமடைந்தது. இலங்கையிலும் 2009 முதல் 2012 வரை பன்றிகளிடம் ஆராய்ச்சி நடத்தப்பட்டது. மனிதரிடையே எச்1 என்1 பரவிய காலங்களைத் தொடர்ந்து பன்றிகளிடமும் அதே வைரசு காணப்பட்டமையை அவ்வாராய்ச்சி வெளிப்படுத்தியது. அதாவது எமது நாட்டுப் பன்றிகளுக்கு நோயைக் கொடுத்தவர் மனிதரே.

ஆகவே வீட்டிற் காய்ச்சலும் இருமலும் உள்ளவர், குணமாகும்வரை பன்றிப் பட்டிக்குச் செல்லாதிருத்தலும், நாய் பூனைகளை மடியில் வைத்துக் கொஞ்சாதிருத்தலும் நன்று. தீனி வைக்கும் வேலையை வேறொருவர் செய்யலாம். வேறொருவர் இல்லையாயின் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, கைகளைச் சவர்க்காரத்தாற் கழுவிய பின் தீனி வைத்தல் வேண்டும்.

நெல்வயலும் தாராவும்

இவ்வைரசுகளின் இயற்கையான உறைவிடம் காட்டுத் தாரா முதலிய நீர்ப்பறவைகளே. அவற்றின் குடலில் வைரசு வாழும். எச்சத்துடன் நீரிற் கலக்கும். பல வேளைகளில் அப்பறவைகள் எவ்வித நோய்க்குறியுமின்றித் திரியும். வீட்டுத் தாராவும் இவ்வாறே நோயை மறைத்து வைத்திருக்கக்கூடியது. தாய்லாந்தில் அறுவடை முடிந்த வயல்களிற் சிந்திய நெல்லையும் நத்தைகளையும் மேய்வதற்காகத் தாராக் கூட்டங்களை வயலுக்கு வயல் கொண்டுசெல்வது வழக்கம். எச்5 என்1 நோய் நிலைபெற்ற இடங்களை ஆராய்ந்தவர்கள், இவ்வாறு தாரா மேய்க்கப்படும் நெற்செய்கைப் பிரதேசங்களுடன் அவை பெரிதும் பொருந்தியிருப்பதைக் கண்டனர். அதன்பின் அந்நாட்டு அரசாங்கம் தாராக்களை இடம்விட்டு இடம் கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்தியது.

எமது நாடு மத்திய ஆசிய வான்வழியின் தென்முனையில் அமைந்துள்ளது. வடதிசை நாடுகளிற் குளிர் மிகும்போது ஊசிவால் தாரா முதலிய பறவைகள் மன்னார், வங்காலை, யாழ்ப்பாணக் கடனீரேரி, புந்தல ஆகிய இடங்களுக்கு வந்து தங்குகின்றன. செப்டெம்பர், அக்டோபர் மாதங்களில் வந்து ஏப்ரல் அளவில் திரும்பிச் செல்கின்றன. இது பெரும்போக காலமாகும். வயல்களில் நீர் நிற்கும் அக்காலத்திலேயே வீட்டுத் தாராவும் வந்த பறவையும் ஒரே நீரில் இறங்குகின்றன. எமது அயல் நாடாகிய இந்தியாவில், மகாராட்டிர மாநிலத்து நவாப்பூரில் 2006 பெப்ரவரியில் எச்5 என்1 முதன்முதலாகக் கோழிப் பண்ணைகளிற் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே பெரும்போக காலத்தில் தாராவையும் கோழியையும் குளங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் விடாமல், வலையடித்த கூட்டில் வைத்துத் தீனியிடுதல் சிறந்த முறையாகும்.

அறிகுறிகள்

கோழிகளில்: பல கோழிகள் திடீரென்று இறத்தல், கொண்டையும் தாடியும் வீங்கி நீலநிறமடைதல், முட்டை குறைதல், மூச்சுத் திணறல், கழிச்சல். இராணிக்கெட் நோயும் ஏறத்தாழ இதே குறிகளைக் காட்டும். கண்ணாற் பார்த்து இவ்விரண்டையும் வேறுபடுத்த இயலாது. ஆய்வுகூடப் பரிசோதனையே உண்மையைக் கூறும். கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் இத்தகைய பரிசோதனைகளை நடத்துகின்றது.

பூனைகளில்: உணவு மறுத்தல், சோர்ந்து ஒளித்துக் கிடத்தல், கடுங்காய்ச்சல், மூச்சிரைப்பு, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், கடுமையானால் தள்ளாட்டம், வலிப்பு, பார்வை இழத்தல்.

நாய்களில்: வாரக்கணக்கில் நீடிக்கும் இருமல், மூக்குச் சளி, காய்ச்சல், சோர்வு. பெரும்பாலானவை இரண்டு மூன்று வாரங்களிற் குணமடையும். சிலவற்றிற்கு நிமோனியாக் காய்ச்சல் உண்டாகும்.

இங்கு இரு எச்சரிக்கைகள் அவசியம். ஒன்று, தும்மும் பூனைக்கெல்லாம் இன்புளுவென்சா என்று முடிவுசெய்தல் ஆகாது. பூனைகளிடம் சாதாரணமாகக் காணப்படும் தடிமன் வேறு வைரசுகளால் வருவது; நாய்களின் இருமலுக்கும் வேறு காரணங்கள் பல உள. இறந்த பறவையைத் தின்றதா, அயலிற் கோழிகள் இறந்தனவா என்பவற்றைச் சேர்த்தே ஐயுறவு கொள்ளல் வேண்டும்.

மற்றையது இதனிலும் முக்கியமானது. தள்ளாடும், வலிப்புறும், இயல்பு மாறிய நாயோ பூனையோ விசர்நோய் கொண்டதாகவும் இருக்கலாம். அதனைக் கையால் தொடுதல் கூடாது. அது கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

நோயுற்ற பிராணியைப் பராமரித்தல்

பிராணிக்குக் காய்ச்சல் என்றதும் வீட்டிலுள்ள காய்ச்சல் குளிகையைப் பாலிற் கரைத்துக் கொடுப்பவர் பலர். இது பெருந் தவறு. பரசிற்றமோல் பூனைக்கு நஞ்சாகும். அதனை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரேயொரு குளிகையே பூனையைக் கொல்லப் போதுமானது. வைத்தியர் கூறாமல் அசுப்பிரின் கொடுப்பதும் ஆபத்து. நாய்க்கும் இவற்றை நாமாகக் கொடுத்தல் ஆகாது. நோயால் இறவாத பிராணி மருந்தால் இறக்கும்படி செய்துவிடக்கூடாது.

நோயுற்ற பிராணியை மற்றவற்றினின்றும் பிரித்து, காற்றோட்டமுள்ள, ஈரமற்ற இடத்தில் வைக்க வேண்டும். நாயாயின் மூன்று நான்கு வாரங்கள் பிற நாய்களுடன் சேரவிடாதீர்கள். குடிக்கச் சுத்தமான நீரும், உண்ண மென்மையான சோறும் அவித்த மீனும் கொடுக்கலாம். பாத்திரத்தை வேறாக வைத்து வேறாகக் கழுவுதல் வேண்டும். பிள்ளைகளையும், கர்ப்பிணிகளையும், முதியோரையும் அதன் அருகே விடாதிருத்தல் நன்று. கால்நடை வைத்தியருக்கு உடனே அறிவியுங்கள். இறந்த பறவையை அது தின்றிருந்தால் அதனையும் மறைக்காது கூறுங்கள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வைரசைக் கொல்லமாட்டா. வேறு கிருமிகள் சேர்ந்திருந்தால் மாத்திரம் வைத்தியர் அவற்றைக் கொடுப்பார்.

வளவிற் கைக்கொள்ள வேண்டியவை

1. இறந்த கோழி, தாரா, காகம், புறா ஆகியவற்றை நாய் பூனைக்கு ஒருபோதும் போடாதீர்கள். வேலிக்கு அப்பாலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள். தாமாக இறந்தவற்றையும் நோயுற்றவற்றையும் உண்ணவோ விற்கவோ கூடாது.

2. ஒரு கோழி இறந்திருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். பொலித்தீன் பையைக் கையில் மாட்டி எடுத்து, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தொலைவில், ஏறத்தாழ ஒரு மீற்றர் ஆழமான குழியில் இட்டு, சுண்ணாம்பு தூவி, நாய் தோண்டாதபடி மண்ணிட்டு இறுக்கிக் கல்வைத்து மூடுங்கள்.

3. ஓரிரு நாட்களுக்குள் பல கோழிகள் இறந்தால் புதைக்க அவசரப்படாமல், அவற்றை நாய் பூனைக்கு எட்டாதவாறு பையிற் கட்டிவைத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். பரிசோதனைக்கு மாதிரி எடுக்க அது உதவும். எஞ்சிய கோழிகளை அஞ்சி அவசரமாக விற்றுவிடுதல் அயலூருக்கு நோயை அனுப்புவதாகும்.

4. கோழி அறுக்கும்போது விழும் குடல், தலை, இரத்தம் ஆகியவற்றைப் பச்சையாகப் பிராணிகளுக்கு இடாதீர்கள். நன்கு அவித்த பின் கொடுக்கலாம். 70 பாகை செல்சியசு வெப்பம் இறைச்சியின் உட்பகுதி வரை சென்றால் வைரசு இறந்துவிடும்.

5. பாலைக் காய்ச்சிய பின்பே மனிதருக்கும் பூனைக்கும் கொடுக்க வேண்டும்.

6. கோழிக்கூட்டில் நாய் பூனை நுழையாதவாறு கதவும் வலையும் அமையுங்கள். கோழித் தீனியையும் நீரையும் காட்டுப் பறவைகள் எட்டாத இடத்தில் வையுங்கள்.

7. கோழிக்கூட்டுக்கென ஒரு சோடிச் செருப்பை வேறாக வைத்திருங்கள். வெளியே வந்ததும் கையைச் சவர்க்காரத்தாற் கழுவுங்கள். இவ்வைரசின் வெளிப்போர்வை கொழுப்பாலானது. ஆதலாற் சவர்க்காரம் அதனை எளிதில் உடைக்கும்.

8. கூட்டைத் தொற்றுநீக்கும்போது முதலில் எச்சத்தை அகற்றிச் சவர்க்கார நீராற் கழுவி, பின்னரே வெளிற்றும் தூள் கரைத்த நீரைத் தெளிக்க வேண்டும். அழுக்கின் மேல் தெளித்தால் அத்தூளின் சக்தி வீணாகும்.

மரக்கறிச் செய்கையாளருக்கு

மரக்கறித் தோட்டங்களுக்குக் கோழி எரு மிகச் சிறந்த பசளை. ஆயினும் பச்சை எருவிற் பல கிருமிகள் இருக்கக்கூடும். ஈரமும் குளிர்ச்சியும் உள்ள எச்சத்தில் இன்புளுவென்சா வைரசு பல நாட்கள் உயிருடன் இருக்கும். வெயிலும் உலர்வும் வெப்பமும் அதற்குப் பகை. ஆகவே கூட்டிலிருந்து எடுத்த எருவை நேரே பாத்தியில் இடாமல், வைக்கோல் அல்லது சருகுடன் கலந்து குவித்து, மூடி, இடையிடையே புரட்டி உக்கவிடுங்கள். நன்கு அமைந்த குவியலின் நடுவே கைவைக்க முடியாத சூடு உண்டாகும். அச்சூடே கிருமிகளை அழிக்கின்றது. பச்சை எருவால் பயிரின் வேர் கருகுவதையும் இம்முறை தடுக்கும். குவியலில் நாயும் கோழியும் கிளறாதபடி வேலியிடுக. அயலிற் கோழிகள் திடீரென்று இறந்திருந்தால், அவ்விடத்து எருவை வைத்தியர் அனுமதிக்கும்வரை வாங்குதல் கூடாது.

அச்சம் வேண்டா, அவதானம் வேண்டும்

இவற்றை வாசித்தபின் பூனையைச் சாக்கிற் கட்டித் தூர எறிந்துவிடுவோம் என எவரும் எண்ணக்கூடாது. வீட்டுப் பூனையாலும் நாயாலும் மனிதருக்கு இன்புளுவென்சா தொற்றுவது மிக அரிது. நியூ யோர்க் நகரில் 2016 இல் பூனைக் காப்பகங்களில் எச்7 என்2 என்னும் பறவை வகை ஏறத்தாழ 500 பூனைகளிடம் பரவியபோது, அவற்றைப் பராமரித்த மிருக வைத்தியர் ஒருவர் இலேசாக நோயுற்றுக் குணமடைந்தார். வீட்டிலிருந்து விரட்டப்பட்ட பூனை பசியால் இறந்த பறவைகளைத் தேடித் தின்னும். நோய் அதனாற் குறையாது, கூடும். பூனை இல்லாத வீட்டில் எலி பெருகி நெல்லுக்கும் கேடு விளையும்.

பிராணியின் உணவை நாம் கட்டுப்படுத்தினால் நோயின் வழியையும் பெரும்பாலும் கட்டுப்படுத்தியவராவோம். அதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு மண்வெட்டி, சிறிது சுண்ணாம்பு, ஒரு கட்டிச் சவர்க்காரம், அவித்துக் கொடுக்கும் பொறுமை ஆகியவையே போதும். அடுத்த முறை உங்கள் வளவில் ஒரு கோழி இறந்து கிடந்தால், நாயைக் கூப்பிடாதீர்கள். முதலில் நாயைக் கட்டுங்கள், பின்னர் மண்வெட்டியை எடுங்கள். பல கோழிகள் இறந்திருந்தால், மண்வெட்டியை எடுப்பதற்கு முன் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் செய்தி அனுப்புங்கள். உங்கள் வளவும் அயலவர் வளவும் ஒருங்கே காக்கப்படும்.